ஏற்றத்தில் இழுக்காத வண்டி, வளைவில் சத்தம் போடும் வண்டி: நீலகிரியில் பழைய காரின் கோளாறைக் கண்டுபிடிக்க

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குன்னூர் 1,850 மீட்டர், ஊட்டி 2,240 மீட்டர். ஐம்பது கிலோமீட்டர் சொச்சம் ஓடுவதற்குள் வண்டி ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் உயரம் ஏறிவிடுகிறது. கீழே நன்றாக ஓடிய வண்டி மேலே வந்து மூச்சு வாங்கினால் அது கோளாறாகவும் இருக்கலாம், மலையின் கணக்காகவும் இருக்கலாம். இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் கார்பரேட்டரை (காற்றையும் பெட்ரோலையும் கலந்து தரும் பாகம்) கழற்றினால் கைக்காசுதான் போகும்.

எனவே ஸ்பேனரை எடுப்பதற்கு முன் ஒரு தாளில் நான்கு விஷயங்களை எழுதிக்கொள்ளுங்கள். கோளாறு வருவது ஏற்றத்திலா, இறக்கத்திலா, வளைவிலா? எந்த கியரில்? இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதா, சூடேறிய பிறகா? வெயிலிலா, மூடுபனியிலா? சத்தத்தை வைத்து மட்டும் முடிவுக்கு வருவதைவிட, அது எந்த இடத்தில் வருகிறது என்பதை வைத்துத் தேடினால் பாதி வேலை மிச்சம்.

மலையின் கணக்கு

டர்போ இல்லாத இன்ஜின் 1,000 மீட்டர் ஏறும்போது ஏறக்குறைய பத்து சதவீதம் சக்தியை இழக்கும். உயரம் ஏற ஏறக் காற்று மெலிகிறது, சிலிண்டருக்குள் போகும் ஆக்சிஜனும் குறைகிறது. மேட்டுப்பாளையத்தில் இருந்த இழுவையில் ஐந்தில் ஒரு பங்கு ஊட்டியில் இருக்காது. 37 குதிரைத்திறன் என்று சொல்லப்படும் மாருதி 800 இங்கே 29, 30 போலத்தான் இழுக்கும். கீழே மூன்றாவது கியரில் ஏறிய மேட்டை மேலே இரண்டாவதில் ஏறினால் அது நோய் இல்லை.

பிரித்தறியும் வழி எளிது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது கல்லாறு தாண்டி பர்லியாறு வருவதற்குள்ளேயே வண்டி திணறினால் அது கோளாறு. அங்கே உயரம் அவ்வளவு இல்லை. பர்லியாறு வரை நன்றாக வந்து, குன்னூருக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாக மந்தமானால் அது உயரம். திடீரென ஓரிடத்தில் விழுந்தால், எந்த உயரமாக இருந்தாலும் கோளாறுதான்.

மீட்டர் வைத்துப் பார்ப்பவர்களுக்கும் இந்தக் கணக்கு உண்டு. கீழே 12 கிலோ காட்டும் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) ஊட்டியில் ஒன்பதரை கிலோ அளவுக்குத்தான் காட்டும். ஐட்லிங்கில் 18 அங்குலம் காட்டும் வேக்குவம் கேஜ் (இன்ஜின் காற்றை உறிஞ்சும் இழுப்பை அளக்கும் மீட்டர்) இங்கே 12-க்கு வந்து நிற்கும். புத்தகத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டு 'ரிங் போச்சு' என்று இன்ஜினைப் பிரிக்கச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். மலையில் நம்ப வேண்டியது சிலிண்டருக்கு சிலிண்டர் உள்ள வித்தியாசத்தை. எல்லாம் ஒன்பது, ஒன்பதரை என்று வந்தால் நலம். ஒன்று மட்டும் ஏழு என்றால் அந்த சிலிண்டரில் வால்வோ, ரிங்கோ, ஹெட் கேஸ்கெட்டோ போயிருக்கிறது. பிளக் ஓட்டை வழியாக ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயிலை ஊற்றி மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங். ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட்.

ரேஸ் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை

இது இன்ஜின் கோளாறே அல்ல, கிளட்ச் வழுக்குகிறது. ஏற்றத்தில் மூன்றாவது கியரில் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரை அழுத்தினால் இன்ஜின் கத்தும், வண்டி அதே வேகத்தில் நகரும். கூடவே கருகல் வாடையும் வரும்.

சோதிக்க: சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் முட்டுக் கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை முழுதாக இழுங்கள். எதிரே ஆள் நிற்கக் கூடாது. மூன்றாவது கியரில் லேசாக ரேஸ் கொடுத்தபடி கிளட்சை மெல்ல விடுங்கள். நல்ல கிளட்ச் என்றால் இன்ஜின் உடனே திணறி அணைந்துவிடும். அணையாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் வழுக்கல் உறுதி. ஒருமுறை பார்த்தால் போதும், திரும்பத் திரும்பச் செய்தால் மிச்சமிருக்கும் பிளேட்டும் எரியும்.

பிளேட் மாற்றும் முன் கேபிளைப் பாருங்கள். பெடலை விரலால் அழுத்தினால், எதிர்ப்பு தெரியும் வரை 15 முதல் 25 மி.மீ. சும்மா இறங்க வேண்டும். (உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள அளவே இறுதி.) அந்த இடைவெளி இல்லாவிட்டால் கிளட்ச் எப்போதும் பாதி அழுத்தியபடியே இருக்கும்; கேபிள் நட்டைத் தளர்த்தினாலே சரியாகிவிடக்கூடும். இடைவெளி சரியாக இருந்தும் வழுக்கினால் பிளேட் தேய்ந்திருக்கும், அல்லது ஆயில் சீல் கசிந்து பிளேட்டில் எண்ணெய் பட்டிருக்கும். கியர்பாக்ஸைக் கழற்றும் அந்த வேளையில் ரிலீஸ் பேரிங்கையும் சீலையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். கூலி ஒருமுறைதான்.

மே மாத சீசன் நெரிசலில் மேட்டில் ஹேண்ட் பிரேக் போடாமல் பாதி கிளட்சிலேயே வண்டியைத் தாங்கி நிறுத்துவதுதான் மலையில் கிளட்சைக் கொல்லும் முதல் பழக்கம்.

மந்தமாக இருக்கிறது, கரும்புகையும் வருகிறது

கார்பரேட்டர் வண்டிகளில் இது மலைக்கே உரிய நோய். காற்றின் அடர்த்தி குறைந்தது கார்பரேட்டருக்குத் தெரியாது. கீழே கொடுத்த பெட்ரோலை ஏறக்குறைய அப்படியே கொடுத்துக்கொண்டிருக்கும். கலவையில் பெட்ரோல் மிஞ்சிவிடுகிறது. பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெளிர் பழுப்பு அல்லது சாம்பல் நிறம் என்றால் நலம். உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம். எண்ணெய்ப் பசையோடு கறுப்பு என்றால் ஆயில் எரிகிறது. வெளுத்துப் போயிருந்தால் பெட்ரோல் போதவில்லை, வண்டி அளவுக்கு மீறிச் சூடாகிறது.

கரி படிந்திருந்தால் ஜெட்டில் (கார்பரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளை) கை வைப்பதற்கு முன் சோக்கை (குளிர் ஸ்டார்ட்டுக்காகக் காற்றை மறைக்கும் தகடு) பாருங்கள். உறைபனிக் காலத்தில் காலை ஸ்டார்ட்டுக்கு இழுத்த சோக், கேபிள் பிசுக்கால் பாதியிலேயே நின்றுவிடும். டாஷ்போர்டில் குமிழ் உள்ளே போயிருக்கும், கார்பரேட்டரில் தகடு பாதி மூடியிருக்கும். ஏர் ஃபில்டரைத் திறந்து கண்ணால் பார்த்தால்தான் உண்மை தெரியும். அப்படியே ஃபில்டர் தாளையும் தொட்டுப் பாருங்கள். எஸ்டேட் மண்பாதைத் தூசும் மூடுபனி ஈரமும் சேர்ந்தால் தாள் அப்பம்போல் இறுகிவிடும். தட்டிப் பயன் இல்லை, மாற்றத்தான் வேண்டும்.

அடுத்தது ஃப்ளோட் (கார்பரேட்டரில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவை) அளவு. கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது மட்டும் வண்டி ஒரு நொடி அமுங்கிப் பிறகு எழுந்தால், ஃப்ளோட் அறையில் பெட்ரோல் மட்டம் கூடுதலாகவோ குறைவாகவோ இருக்கிறது. நீடில் வால்வு தேய்ந்திருந்தாலும் இதே கதைதான்.

இவையெல்லாம் சரி என்றால் மட்டும் ஜெட். ஆண்டு முழுக்க ஊட்டி, கோத்தகிரி, கூடலூர் ரோடு என்று மேலேயே ஓடும் வண்டிக்கு மெயின் ஜெட்டை ஓர் அளவு குறைத்துப் போடலாம். டைமிங்கையும் (பிளக் பொறி விடும் நேரம்) 2, 3 டிகிரி முன்னே வைக்கலாம். வாரம்தோறும் கோவைக்கு இறங்கும் வண்டியில் இதைச் செய்யவே கூடாது. சமவெளியில் கலவை வறண்டு, இன்ஜின் நாக்கிங் (கலவை தாறுமாறாக வெடித்து எழும் தட்டல்) அடித்து, கடைசியில் எக்ஸாஸ்ட் வால்வு கருகும். அப்படிப்பட்ட வண்டிக்குக் கீழே செய்த டியூனிங்கை வைத்துக்கொண்டு மேலே கொஞ்சம் மந்தத்தைப் பொறுத்துக்கொள்வதே நல்லது.

ஏறிக்கொண்டிருக்கும்போதே துடித்து அணைகிறது

மூன்று காரணங்கள் ஒரே மாதிரி வேஷம் போடும்: பெட்ரோல் அடைப்பு, பெட்ரோல் ஆவியாதல், காயில் (பிளக் பொறிக்கு மின்சாரம் தரும் சுருள்) சூடேறிச் செத்துப்போதல். வண்டி நின்ற உடனே, ஆறுவதற்கு முன்பே சோதித்தால்தான் எது என்று பிடிபடும். அரை மணி கழித்து மெக்கானிக் வரும்போது மூன்றுமே நல்ல பிள்ளையாகிவிடும்.

முதலில் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறங்கள். உள்ளே காற்று 'புஸ்' என்று இழுக்கப்பட்டு, பிறகு வண்டி ஓடினால் மூடியின் மூச்சுத் துளை அடைத்திருக்கிறது. இல்லையென்றால், கையில் இருக்கும் மாற்று பிளக்கை ஹெச்.டி. வயரில் (பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் கொண்டுபோகும் வயர்) மாட்டி, இன்ஜின் உலோகத்தில் படும்படி வைத்து, ஒருவரை ஸ்டார்ட்டர் அடிக்கச் சொல்லுங்கள். வயரைக் கையால் பிடிக்க வேண்டாம். பக்கத்தில் பெட்ரோல் கசிவு இருந்தால் இந்தச் சோதனையே வேண்டாம். நீல நிறத்தில் 'பட் பட்' என்று பொறி வந்தால் இக்னிஷன் நலம். மஞ்சளாக, மெலிதாக வந்தால் காயில் அல்லது கன்டென்சர். பழைய பாயின்ட் செட் வண்டி என்றால் பாயின்ட் முகத்தையும் பாருங்கள். குழியும் மேடுமாகக் கருகியிருந்தால் கன்டென்சரையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

பொறி நன்றாக இருந்தால் பெட்ரோல் பக்கம். நெரிசலில் ஊர்ந்தபோது, உச்சி வெயிலில் நின்று, பதினைந்து இருபது நிமிடம் ஆறிய பிறகு கிளம்பினால், குழாயில் பெட்ரோல் ஆவியாகியிருக்கிறது. இன்ஜினோடு ஒட்டிய மெக்கானிக்கல் பம்ப் உள்ள பழைய அம்பாசிடர், பத்மினி, கார்பரேட்டர் மாருதி வண்டிகளில் இது சகஜம். உயரத்தில் அழுத்தம் குறைவு என்பதால் பெட்ரோல் இன்னும் சீக்கிரம் கொதிக்கும். பம்ப்பின் மேலும் குழாயின் மேலும் ஈரத்துணி சுற்றினால் சீக்கிரம் தெளியும். நிரந்தரத் தீர்வு, பெட்ரோல் குழாயை எக்ஸாஸ்ட் பக்கத்திலிருந்து விலக்கிக் கட்டுவது.

குளிரிலும் நின்றால், அதுவும் நீண்ட மேட்டில் முழு ஆக்சிலரேட்டரில் போகும்போது மட்டும் துடித்தால், அடைப்பு. ஃபில்டர் முதல் சந்தேகம், டேங்க் அடியில் உள்ள துரு இரண்டாவது. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. அது ஈரத்தை உறிஞ்சும், பழைய டேங்கின் கசடை இளக்கிக் கீழே அனுப்பும், பழைய ரப்பர் ஹோஸ்களை உப்பவைக்கும். மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கும் வண்டியில் ஃபில்டரை 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறையாவது மாற்றுங்கள். ஹோஸை நகத்தால் அழுத்தி, பிசுபிசுத்தாலோ வெடித்திருந்தாலோ உடனே மாற்றுங்கள். சூடான இன்ஜின் மேல் சொட்டும் பெட்ரோல் தீ வைக்கும்.

மலை ஏறும்போது டேங்கில் கால் பங்குக்குக் குறையாமல் பெட்ரோல் இருக்கட்டும். சாய்வில் பெட்ரோல் ஒதுங்கினால் குழாய் காற்றை இழுக்கும்.

மழையிலும் மூடுபனியிலும் மட்டும் மிஸ்ஸிங்

வெயில் வந்தால் சரியாகிவிடுவதால் பலரும் இதை ஆண்டுக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். தென்மேற்குப் பருவத்தில் ஊட்டி, கூடலூர்ப் பக்கமும், வடகிழக்குப் பருவத்தில் குன்னூர், கோத்தகிரிப் பக்கமும் இந்தக் கோளாறு தலை தூக்கும்.

இருட்டில் பானெட்டைத் திறந்து இன்ஜினை ஓடவிட்டு, கையும் துணியும் ஃபேன் பக்கம் போகாமல் தள்ளி நின்று, ஹெச்.டி. வயர்கள் மேலும் டிஸ்ட்ரிபியூட்டர் கேப் மேலும் ஸ்ப்ரே பாட்டிலால் நீரைத் தூறலாகத் தெளியுங்கள். கசியும் இடத்தில் நீலப் பொறி ஓடுவது கண்ணுக்கே தெரியும். கேப்பின் உட்புறத்தில் பென்சில் கோடுபோல் கரித்தடம் இருந்தால் துடைத்துப் பயனில்லை. கேப்பையும் ரோட்டாரையும் ஜோடியாக மாற்றுங்கள். வயர்களின் ரெசிஸ்டன்சை அளந்து ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். நீளத்துக்குப் பொருந்தாமல் ஒன்று மட்டும் பல மடங்கு காட்டினால் அதுதான் குற்றவாளி.

எல்லாம் சரி, ஆனாலும் வண்டி கனமாக இருக்கிறது

சமதளத்தில் நியூட்ரலில் விட்டு ஒரே ஆள் தள்ளிப் பாருங்கள். நகர மறுத்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஐந்து கிலோமீட்டர் ஓட்டிய பிறகு நான்கு சக்கரங்களுக்கு அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள்; ஒன்று மட்டும் அனலடித்தால் அங்கேதான். ஈர இரவுகளில் ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தும் வண்டியில் பின் டிரம் ஷூ ஒட்டிக்கொள்ளும், கேபிளும் துருவேறி இறுகும். வீட்டில் சமதளத்தில் நிறுத்தும்போது முதல் கியரும் கல் முட்டும் போதும்.

பிரேக்கும் சுத்தம் என்றால் சைலன்சரைப் பாருங்கள். ஊட்டிக்குள்ளேயே இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓடி நிற்கும் வண்டியில் நீராவி உள்ளேயே நீராகித் தகடு அரிக்கும். உள்தட்டு உடைந்து வழியை அடைக்கும். தட்டினால் உள்ளே 'கடகட' என்று உருளும். கேட்டலிடிக் கன்வெர்ட்டர் உள்ள வண்டியில் உள்ளே உள்ள கல் உருகி அடைத்தாலும் இதேதான். வேக்குவம் கேஜை மாட்டி 2,500 ஆர்.பி.எம்.மில் பிடித்திருங்கள். முள் நிலையாக நிற்காமல் மெல்ல இறங்கிக்கொண்டே போனால் புகைவழி அடைத்திருக்கிறது.

எம்.பி.எஃப்.ஐ. வண்டிகள் (கார்பரேட்டருக்குப் பதில் கணினி வழி இன்ஜெக்டரில் பெட்ரோல் விடுபவை) உயரத்துக்கு ஏற்பப் பெட்ரோலைத் தாமே குறைத்துக்கொள்ளும். அவற்றில் கரும்புகை வந்தால், காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சரையும் அதன் வேக்குவம் ஹோஸையும் பார்க்க வேண்டும்.

ஏற்றத்தில் மட்டும் 'கிலுகிலு'

சில்லறைக் காசைத் தகர டப்பாவில் குலுக்குவதுபோல் ஒரு சத்தம், அதிக கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது வரும், காலை எடுத்தால் நிற்கும். இது நாக்கிங். உடனே ஒரு கியர் குறையுங்கள். அதன் பிறகும் வந்தால் டைமிங் கூடுதலாக முன்னே இருக்கிறது, அல்லது பிஸ்டன் தலையில் கரி, அல்லது இன்ஜின் சூடு. இந்தச் சத்தம் பெரும்பாலும் கல்லாறு மேட்டில்தான் கேட்கும், ஊட்டியில் குறையும். மேலே காற்றழுத்தம் குறைவு என்பதால் இன்ஜினுக்குள் அழுத்தமும் குறைவு. எனவே மேலே கேட்கவில்லை என்பதற்காக டைமிங் சரி என்று எண்ணிவிடாதீர்கள். கீழே போய்க் கேட்டுப் பாருங்கள்.

அடிவயிற்றிலிருந்து 'டொக் டொக்' என்று கனமாக வந்தால் அது வேறு. பிக் எண்ட் பேரிங்காக இருக்கலாம். வண்டியை ஓரம் கட்டி, ஆயில் அளவைப் பாருங்கள். ஐட்லிங்கில் ஒவ்வொரு சிலிண்டராக நிறுத்திப் பார்த்தால், எதை நிறுத்தும்போது சத்தம் அடங்குகிறதோ அந்த சிலிண்டர். (எலெக்ட்ரானிக் வண்டியில் பிளக் வயரைப் பிடுங்காமல் இன்ஜெக்டர் சாக்கெட்டைக் கழற்றுங்கள்.) இந்தச் சத்தத்தோடு ஒரு வளைவுகூட ஏறக் கூடாது. டோ வண்டிதான்.

மேடேறி நிறுத்தியதும் ரேடியேட்டரில் 'களகள' என்று கேட்டால் மூடியின் ரப்பரைப் பாருங்கள். ஊட்டியில் வெறும் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடி அழுத்தம் தாங்காவிட்டால் தெர்மோஸ்டாட் திறக்கும் சூட்டுக்கும் கொதிநிலைக்கும் நடுவே இடைவெளியே இருக்காது. ஆறும் வரை மூடியில் கை வைக்க வேண்டாம்.

குளிர்ந்த காலையில் மட்டும்

'கிரீச்' என்றால் ஃபேன் பெல்ட். ஓடும் பெல்டில் துளி நீர் தெளித்து, சத்தம் ஒரு கணம் நின்றால் பெல்ட் முகம் பளபளத்துவிட்டது; கூடினால் பெல்ட் தளர்ந்திருக்கிறது. இன்ஜினை அணைத்துவிட்டு, நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் 10 மி.மீ. இறங்க வேண்டும்.

'சக் சக்' என்று வந்து, சூடேறியதும் அடங்கினால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கேஸ்கெட் கசிகிறது. உலோகம் விரிந்ததும் இடைவெளி மூடிக்கொள்வதால் மறைகிறது. டேப்பட் சத்தம் என்று இதைத் தவறாகப் பலர் விட்டுவிடுவார்கள். குளிருக்காகக் கண்ணாடியை ஏற்றி ஓட்டும் ஊரில் இது ஆபத்து, வாடையே இல்லாத கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். தலைவலியும் தூக்கக் கலக்கமும் வந்தால் அன்றே கண்ணாடியை இறக்கி ஓட்டிக் கடைக்குப் போங்கள்.

கொண்டை ஊசி வளைவில்

ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து ஏறும்போது 'டக டக டக' என்று அடித்தால் ஆக்சில் ஜாயின்ட். சக்கரத்துக்குப் பின்னால் ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் சிதறியிருக்கும். பூட் கிழிந்த புதிதில் பிடித்தால் சுத்தம் செய்து புது கிரீஸும் பூட்டும் போட்டுத் தப்பிக்கலாம். சத்தம் ஆரம்பித்த பிறகு ஜாயின்ட்டையே மாற்ற வேண்டும்.

வேகத்தோடு ஏறும் ஊளைச் சத்தம் என்றால் வீல் பேரிங். இடது வளைவில் எடை வலது சக்கரத்துக்குப் போகும். இடப்பக்கம் ஒடிக்கும்போது ஊளை கூடினால் வலது பேரிங், வலப்பக்கம் ஒடிக்கும்போது கூடினால் இடது. ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்ட் வைத்த பிறகு, சக்கரத்தைக் கையால் சுற்றியபடி இன்னொரு கையைக் காயில் ஸ்பிரிங்கில் வையுங்கள். கெட்ட பேரிங்கின் கரகரப்பு ஸ்பிரிங் வழியாகக் கைக்குத் தெரியும்.

ஓம்னி, அம்பாசிடர், ஜீப் போன்ற பின்சக்கர இழுவை வண்டிகளில் ஆக்சிலரேட்டரை விட்டு மறுபடி கொடுக்கும்போது 'டங்' என்றால் புரொப்பல்லர் ஷாஃப்ட் கிராஸ் (பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டின் மூட்டு). முன்சக்கர இழுவை வண்டியில் அதே சத்தம் என்றால் இன்ஜின் மவுன்டிங் ரப்பர்.

இறக்கத்தில்

பிரேக் அழுத்தும்போது இரும்போடு இரும்பு உரசும் சத்தம் வந்தால் பேட் தீர்ந்துவிட்டது. அதோடு மலை இறங்கக் கூடாது. சத்தமே இல்லாமல் பெடல் மெத்தென்று ஆழமாகப் போனால் அது இன்னும் மோசம்: பிரேக் ஆயில் கொதித்து ஆவியாகியிருக்கிறது. புது டாட் 3 ஆயில் 205 டிகிரி தாங்கும். ஈரம் உறிஞ்சிய பழைய ஆயில் 140 டிகிரியிலேயே கொதிக்கக்கூடும். ஆண்டில் பல மாதம் ஈரக்காற்று அடிக்கும் மலையில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை முழுதாக மாற்றியே ஆக வேண்டும். 36 கொண்டை ஊசி வளைவுள்ள கல்லட்டி இறக்கத்தில் முதலாவது, இரண்டாவது கியர் மட்டும். நியூட்ரல் வேண்டவே வேண்டாம். பெடல் மெத்தென்றால் கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கின் பட்டனை அழுத்தியபடி கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து நிறுத்தி, அரை மணியாவது ஆறவிடுங்கள். சூட்டில் தண்ணீர் ஊற்றினால் டிரம் வெடிக்கும், டிஸ்க் வளையும்.

இறக்கம் முடிந்து ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் பின்னால் ஒரு கொத்து நீலப்புகை வந்து மறைந்தால் வால்வு சீல் இறுகிவிட்டது. கியரில் இறங்கும்போது இன்ஜினுக்குள் உண்டாகும் இழுப்பு, வால்வுத் தண்டு வழியாக ஆயிலை உறிஞ்சிச் சேர்த்து வைக்கிறது. ஏற்றத்தில் தொடர்ந்து நீலப்புகை வந்தால்தான் ரிங். சீலுக்காக இன்ஜினை முழுதாகப் பிரிக்க வேண்டியதில்லை. 1,000 கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆயில் குறைகிறது என்று டிப் ஸ்டிக்கில் அளந்து எழுதி வையுங்கள். அரை லிட்டருக்கு மேல் போகத் தொடங்கினால் சீல் மாற்றும் வேலையைக் கொடுங்கள்.